ஏழாவது பள்ளம்

இரும்பு அலமாரிக்குள் ஓக் பலகை,
பலகையில் அடிக்கட்டை நிற்க ஏழு பள்ளம்.
பச்சைக் கம்பளியை நானே ஒட்டினேன்.
எட்டாவது வந்தால் நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்புவேன் என்று
மெரியல் சொன்னதும் அதே ஞாயிற்றுக்கிழமைதான்.

ஒரு காலத்தில் நாற்பத்தொன்று.
ஷ்ராப்ஷயர் பண்ணை ஏலங்களில்
மழைக்கு ஒதுங்கிய கொட்டகைதோறும் ஒன்று வாங்கினேன்.
பசுவுக்குப் பிரசவம் பார்த்த கூலிக்கு ஈடாக
வந்து சேர்ந்தவை மூன்று.
குழலுக்குள் அம்மைத் தழும்பு,
விசையில் விரல் பட்டதும் தும்மல்,
பூட்டைத் திறந்தால் முழங்கால் நோகும் சத்தம்.
மலிவு என்பதைத் தவிர
வாங்கியதற்கு வேறு காரணம் சொல்லத் தெரியாது.

ஒரு குளிர்காலம் முழுக்க விற்றேன்.
கூட்டம் கலையக் கலைய
நின்றவர்களின் முகம் தெரிந்தது.

அப்புறம்தான் பிடிவாதம் வந்தது.
பர்மிங்ஹாமில் பிறந்ததாக இருக்க வேண்டும்,
சுத்தியல் வெளியே நிமிர்ந்திருக்க வேண்டும்,
இரும்பையும் எஃகையும் கயிறாய் முறுக்கி அடித்த குழல்,
எவன் கையும் மெருகேற்றிக் கெடுக்காத மேனி.
தானமாய் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
காசு கொடுப்பவன் கடைவாய் வரை பார்க்கலாம்,
மாட்டு வைத்தியன் எனக்கா தெரியாது?
குழலைக் கழற்றி விரலில் தொங்கவிட்டு
நகத்தால் சுண்டுவேன்.
மணியாய் நீண்டால் பற்றவைப்பு சுத்தம்.
தகரமாய்ச் செத்தால் வணக்கம், வருகிறேன்.

வருஷத்துக்கு ஒன்று. சில வருஷம் ஒன்றுமில்லை.
ஆறு சேர்ந்தன.
ஆறில் அரசி, ஹார்ட்டில் கம்பெனியின் 1884.
குழல் மேல் தங்கத்தில் ஒன்று என்று ஒரு கோடு:
ஜோடியில் மூத்தது.
செதுக்கிய கொடியில் ஓர் இலைகூடத் தேயவில்லை.
வீட்டுக்கு யார் வந்தாலும்
அதை மட்டும் கடைசியில் எடுப்பேன்.

போன நவம்பரில் லட்லோவிலிருந்து ப்ராஸர் போன் செய்தார்.
"உன் இரண்டாம் எண் வந்திருக்கிறது.
ஆனால் ஊனம்."

மேசையில் கிடந்தது.
அதே கொடி, அதே இலை, பாதி தேய்ந்து.
அடிக்கட்டை மட்டும் கொக்குக் கழுத்தாய் வளைந்து
குழலை நான்கு விரற்கடை இடப்பக்கம் தள்ளியிருந்தது,
வலத்தோளில் வைத்து
இடக்கண்ணால் குறி பார்க்க.
கம்பெனிக் கணக்கின் நகலை ப்ராஸர் நீட்டினார்.
ஆஸ்வால்ட் பிட்ச்ஃபோர்ட், மார்ச் 1901,
ஆப்பிரிக்கப் போரிலிருந்து திரும்பியவர்.
வலக்கண் இல்லை.
இரண்டாம் எண்ணுக்குப் புது அடிக்கட்டை.
ஒன்றாம் எண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"நேர்க்கட்டை போட்டுவிடலாம்," என்றார் ப்ராஸர்.
"ஜோடி சேர்ந்தால் விலை மூன்று மடங்கு."

பதினோரு வருஷமாய் நான் கொண்டாடிய மேனி
ஏன் அப்படியே இருக்கிறது என்று
அந்த மேசையருகேதான் உறைத்தது.
அதைத் தூக்கிப் பார்க்க அவரிடம் கண் இல்லை.
விற்கவும் மனசு வரவில்லை போலும்.

ஊனத்தை எடுத்துத் தோளில் வைத்தேன்.
கன்னம் படும் இடத்தில் வால்நட் மரம்
கூழாங்கல்லாய் வழவழத்தது.
வலக்கண்ணை மூடினேன்.
எதிர்வீட்டுக் கூரையில் ஒரு புறா
சரியாக நடுவில் வந்து நின்றது.

பேரம் பேசவில்லை.

இரவு, ஏழாவது பள்ளத்தில் நிறுத்தினால்
பக்கத்து ஆள் மேல் சாய்கிறது,
எப்படித் திருப்பினாலும்.
உளியை எடுத்தேன். கம்பளியைக் கிழித்து
ஓக் பலகையைப் பக்கவாட்டில்
நான்கு விரற்கடை குடைந்தேன்.
மாடியிலிருந்து மெரியலின் குரல்:
"எட்டா?"

"ஏழுதான்.
கொஞ்சம் தள்ளி நிற்கிற ஏழு."